பன்னிரண்டு பெயர்கள் உள்ள போர்வை

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பொங்கல். சின்னப் பாத்திரத்தில் அரை டம்ளர் அரிசிதான் போட்டேன். அதிலேயே பாதி மிச்சம். மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன்.

இந்த ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பு: அமெரிக்கக் கைவினைகளின் வரலாறு. முதல் ஒரு மணி நேரம் படங்களும் பேச்சும். அடுத்த ஒரு மணி நேரம் கையால் ஏதாவது செய்யவேண்டும். ஆசிரியை லோர்னா பிக்ஸ்பிக்கு முப்பத்திரண்டு வயது இருக்கலாம். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். மாணவர்கள் ஒன்பது பேர்.

ஏன் சேர்ந்தோம் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொன்னாள். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர், "வீட்டைவிட்டு வெளிய போய்யான்னு பொண்டாட்டி சொல்லிட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான், "கைவேலை பிடிக்கும்" என்றேன்.

உண்மை வேறு. வீட்டிலிருந்தபடியே காப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பேச்சே தேவைப்படாது. போன வெள்ளிக்கிழமை நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னபோது குரல் கரகரத்தது. அந்த வாரம் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அந்த மேசைமேலேயே இந்த வகுப்பின் விளம்பரம் கிடந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

துடைப்பம் கட்டினோம். சோளம்போல் ஒரு பயிரின் உலர்ந்த கதிரைக் கம்பியால் இறுக்கி, பிறகு தட்டையாக அழுத்தித் தைக்கவேண்டும். உருண்டையாக இருந்த துடைப்பத்தைத் தட்டையாக்கியது இங்கிருந்த ஒரு சமயக் குழு என்கிறார்கள். என் துடைப்பம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "அது மூலைக்கு நல்லா இருக்கும்" என்றார் தீயணைப்பு வீரர்.

படங்களில் ஒன்று இருநூறு வருடத்துப் பழைய படுக்கை விரிப்பு. அதன் நடுவில் ஒரு பூமரம். வெளிநாட்டுத் துணியிலிருந்து பூக்களை மட்டும் கத்தரித்து எடுத்து ஒட்டித் தைத்திருக்கிறார்கள். "அந்தத் துணி சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்தது" என்றாள் லோர்னா. எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின, நானே மூட்டைகட்டிக் கொண்டுவந்து இறக்கியதுபோல. நான் கரூர்க்காரி. கடலை முதலில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

என் வீட்டுக்காரர் சிவநேசன் கூப்பிட்டார். நான்கு நிமிடம். ஃபீனிக்ஸில் வெயில் அடிக்கிறதாம். ப்ராஜெக்ட் இன்னும் நீளும்போல் இருக்கிறதாம். இங்கே அலமாரியில் தொங்கும் குளிர்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். "சரிங்க" என்றேன். கொடுக்கப்போவதில்லை. ஜனவரியில் இங்கே வந்து இறங்கினால் எதைப் போட்டுக்கொள்வார்?

வாசலில் பனி தள்ளினேன். முதுகு வலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

பருவம் முடிவதற்குள் ஆளுக்கொரு பெரிய பொருள் செய்து காட்டவேண்டும். நான் எதைச் செய்யப்போகிறேன் என்பது இன்று முடிவாகிவிட்டது.

க்வில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் ஊசியால் குத்தித் தைக்கும் போர்வை. அதில் ஒரு வகையை லோர்னா காட்டினாள். நூற்றெழுபது, நூற்றெண்பது வருடங்களுக்கு முன்பு ஒரு குடும்பம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனால், திரும்பி வராது. அதனால் போகிறவளுக்காக அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைப்பார்கள். சதுரத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதில் மையால் தன் பெயரை எழுதித் தருவாள். எல்லாவற்றையும் இணைத்துப் போர்வையாக்கிக் கொடுத்து வழியனுப்புவார்கள். போன இடத்தில் ஒரு ஆளும் இல்லாவிட்டாலும், இத்தனை பேருக்கு நம்மைத் தெரியும் என்று போர்த்திக்கொள்ளலாம்.

"எத்தனை சதுரம் இருக்கணும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியுமோ அத்தனை. ஆனா பன்னிரண்டு சதுரமாவது இருந்தாத்தான் போர்வைன்னு சொல்ல முடியும்."

பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பன்னிரண்டு பேர் கிடைக்காமலா போவார்கள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்தக் காலத்தில் கடையில் துணி வாங்கிக் கிழிக்க மாட்டார்களாம். பழைய சட்டை, பாவாடைதான். அலமாரியில் அவருடைய சட்டைகள் பதினொன்று இருக்கின்றன. காலர் நைந்த நீலக்கோடு போட்ட சட்டையை வெட்டினேன். அது எப்படியும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இன்று அழைப்பு இல்லை. வேலையாக இருப்பார்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்னும் இரண்டு சட்டை வெட்டினேன். காலர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தளர்வான சட்டைகள், இப்போது அவர் மெலிந்திருப்பார், பொருந்தாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று பேச்சு பெயர்களைப் பற்றி. இந்த நாட்டுத் தென்மாநிலங்களின் பெரிய வீடுகளில் இருந்த அருமையான போர்வைகள் பலவற்றைத் தைத்தவர்கள் அடிமைப் பெண்கள். மூலையில் பூவேலையோடு இருப்பது எஜமானியின் பெயர். தைத்தவளின் பெயர் எங்கேயும் கிடையாது.

"ஒரு பொருள்ல ஒரு பேரு இருந்தா, அந்தப் பேருக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்றாள் லோர்னா. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து போகும்போது, "எத்தனை பேர் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ஏழு" என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிவிட்டது. அங்குலத்துக்கு ஒன்பது தையல் வருகிறது. ஒன்பது வந்தால் நல்ல தையல் என்கிறாள் லோர்னா. சட்டைகள் இன்னும் இரண்டு பாக்கி.

மார்ச் 4, செவ்வாய்

பன்னிரண்டும் ஆயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

சதுரங்களை வகுப்புப் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தேன். இன்னும் இணைக்கவில்லை. லோர்னா மூக்கு துணியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே கையெழுத்து."

கையிலிருந்த குண்டூசிப் பெட்டியை மூடினேன்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்னு நினைக்கறீங்க!" என்று வகுப்பைக் கூப்பிட்டாள். "எல்லாரும் இங்க வாங்க. அந்தக் காலத்துலயும் இப்படித்தான். பேரெல்லாம் வாங்கிட்டு, ஊர்லயே அழகா எழுதறவ ஒருத்திகிட்ட மொத்தமா எழுதச் சொல்லுவாங்க. பூங்கோதை அதைத் தேடிப் படிச்சுட்டுப் பண்ணியிருக்காங்க. அப்படித்தானே?"

"ஆமா" என்றேன்.

தீயணைப்பு வீரர் கைதட்டினார்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை மாவட்ட நூலகத்தில் கண்காட்சி. என் போர்வை வாசலுக்கு நேரெதிர் சுவரிலாம். பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரையும் அழைக்கவேண்டுமாம். அவரவர் சதுரத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்கப்போகிறாள்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. பன்னிரண்டையும் சமையல் மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன். பள்ளியில் நாலு கோட்டு நோட்டில் பழகிய கையெழுத்து. நான்கு பேர் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள், அவர்களைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தி மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கும் டெனிஸ், பெயர் அவள் சட்டையில் குத்தியிருக்கும். பக்கத்து வீட்டு எலினார். தபால்காரர். நூலகப் பெண். பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிறவள். யோகா சொல்லிக்கொடுத்தவள். முன்பு எதிர் வீட்டில் இருந்தவள். அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் தெரியும் ஒருத்தி. அதற்குமேல் பெயர் கிடைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மை துவைத்தால் போகாது. வாங்கும்போது அதைத்தான் பெருமையாக அட்டையில் போட்டிருந்தான்.

இரண்டு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடலாம், அது எனக்குச் சுலபம். அல்லது பெயர்களின் சொந்தக்காரர்களிடம் போகவேண்டும்.

மார்ச் 15, சனி

வெள்ளைத் துண்டுகளை அளவாக வெட்டி, பேனாவோடு பையில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். டெனிஸ் நான்காம் எண் வரிசையில் நின்றாள். எனக்குப் பின்னால் நாய்த்தீனி மூட்டையோடு ஒருவர். பாலும் வெங்காயமும் போன பிறகு சதுரத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன்.

அவள் பார்த்தாள். தன் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். "ஹனி, என் பேர எதுக்குத் துணியில எழுதி வச்சிருக்கீங்க? நான் செத்துகித்துப் போயிட்டேனா?"

சொன்னேன். வகுப்பு, போர்வை, மாட்டுவண்டி, மேற்கே போகிற பெண், எல்லாம். கேட்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவேண்டும், சம்மதமானால் நீங்களே எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் சரி. இப்ப யாரு ஊரவிட்டுப் போறா? நீங்களா?"

வகுப்பில் கேட்டிருந்தால் ஏதோ ஒரு தோழி என்று சொல்லியிருப்பேன். இவள் கையில் என் வெங்காயப் பை இருந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றேன். "போயிட்டார். பதினாலு மாசம் ஆச்சு."

சொல்லி முடித்ததும் கடையின் பாட்டுச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. டெனிஸ் தலைக்குமேல் இருந்த நான்காம் எண் விளக்கை அணைத்தாள்.

"சார், ஆறாம் நம்பர் வரிசைக்குப் போங்க."

"எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டேனே!"

"அப்ப திரும்ப எடுங்க."

அவர் முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கினார். டெனிஸ் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதினாள். ஊதி உலர்த்தினாள்.

"இந்தப் போர்வை அவருக்கா?"

"இல்ல."

"நல்லது. அவருக்குக் குடுக்கறதா இருந்தா என் பேர எடுத்துருங்க."

காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கிளப்பாமல் இருந்தேன். வெங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தது வீட்டில்தான் தெரிந்தது.

மார்ச் 16, ஞாயிறு

செண்பகவல்லி அக்கா வீடு. கோவில்பட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். தமிழ்ச் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கட்டி வைத்திருப்பது அவர்தான். போன வருடம் பொங்கலுக்கு அழைத்தார், தீபாவளிக்கு அழைத்தார். இரண்டு தடவையும் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். மூன்றாவது தடவை அழைப்பு வரவில்லை.

கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏட்டி, காய்ச்சல் விட்டுருச்சா?" என்றார்.

சதுரத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் சதுரத்தைப் பார்க்கவில்லை. "அவுகள பத்திச் சொல்லு."

"ஃபீனிக்ஸ்ல ப்ராஜெக்ட்டுங்கக்கா..." என்று தொடங்கினேன்.

"எங்க வீட்டுக்காரரோட தம்பி அந்த ஊர்லதான் இருக்கான். நவம்பர்லயே கோயில்ல பாத்துட்டான். கூட யாருன்னும் பாத்துட்டான்." காபியை என் பக்கம் நகர்த்தினார். "உனக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு உனக்குத்தான் தெரியாது. அம்புட்டுதான்."

"அப்புறம் ஏங்கக்கா யாரும் வரல?"

"நல்லாக் கேட்ட போ! நீ கதவ அடச்சுட்டு உள்ள உக்காந்தா, நாங்க ஒடச்சிட்டா வருவோம்? நம்மள வேண்டாம்னுதான் இருக்கான்னு நெனச்சோம். நம்ம சங்கத்து ஜெயராணி ரெண்டு தரம் ஒன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா, தெரியுமா?"

தெரியாது. காபி குடித்தேன். சர்க்கரை கூடுதல். இந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

அக்கா தமிழில் பெயர் எழுதினார். ஜெயராணியை அழைத்து அவளிடமும் வாங்கினார். மூன்றாமவள் தொலைபேசியை எடுக்கவில்லை. நான்காமவள் மரகதம், எட்டு மாதத்துக்கு முன்பே நியூ ஜெர்சிக்குக் குடிபோய்விட்டாளாம். வழியனுப்ப எல்லோரும் கூடினார்களாம். அவளுக்கு ஒரு போர்வை கொடுத்திருக்க வேண்டியது. நான் அவள் ஊரில் இல்லை என்பதே தெரியாமல் அவள் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதியிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

எலினாருக்கு எழுபது வயது இருக்கும். தனியாக இருக்கிறார். பதினோரு வருடமாகக் கையசைத்துக்கொள்கிறோம். வாசலில் நின்றே கேட்டார். முடிவில், "என் பேர எடுத்துரு" என்றார்.

"மன்னிச்சுக்குங்க, நான் வந்து..."

"பதினோரு வருஷமா பக்கத்துல இருக்க. நான் ஆஸ்பத்திரியில மூணு வாரம் கெடந்தேன், உனக்குத் தெரியுமா? ஒரு நாள் என்னன்னு கேட்டதில்ல. இப்ப போர்வைக்கு மட்டும் என் பேரு வேணும்."

கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தையல் பிரித்து எடுத்தேன். அங்குலத்துக்கு ஒன்பது தையல், பிரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 20, வியாழன்

பல் மருத்துவமனை: விதிமுறை அனுமதிக்காதாம். யோகா வகுப்பு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எதிர் வீட்டில் இருந்தவளின் எண் வேறு யாருக்கோ போய்விட்டது. அலுவலகத்துப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான்.

நூலகப் பெண் உடனே எழுதிக் கொடுத்தாள். தபால்காரர், "வழக்கமா நான்தானே உங்ககிட்ட கையெழுத்து வாங்குவேன்" என்று சிரித்துக்கொண்டே வண்டியின் மூக்கில் வைத்து எழுதினார்.

ஐந்து.

மார்ச் 25, செவ்வாய்

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய் லோர்னாவிடம் சொன்னேன். பழைய துண்டுகளை ஒரு பக்கமும் புதியவற்றை ஒரு பக்கமும் மேசையில் வைத்தேன்.

அவள் பழைய துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பெயருக்குச் சொந்தக்காரருக்குத் தெரியுமா என்று போன மாதம் நான் குறித்துக்கொண்ட வாக்கியம் இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். "அன்னைக்கு நான்தான் உங்களுக்குப் பதிலைச் சொல்லிக் குடுத்துட்டேன், இல்லையா?" என்றாள். "அது உங்க தப்பு இல்ல" என்றேன்.

"சுவர்ல மாட்டற விளக்க அட்டைய மாத்தி எழுதணும். சம்மதம் இல்லாத பேர மாட்ட முடியாது." பிறகு டெனிஸின் குண்டு எழுத்தையும் தபால்காரரின் கோழிக்கிறுக்கலையும் தள்ளிவைத்துப் பார்த்துவிட்டு, "ஒளிக்காமச் சொல்றேன், முன்ன இருந்ததுதான் அழகு" என்றாள்.

"ஆமா" என்றேன். நிஜமாகவே அதுதான் அழகு.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு வாரமாக மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிறேன். ஐந்து சதுரத்தில் பெயர். ஏழு சதுரத்தில் வெறும் வெள்ளை.

சிவநேசன் கூப்பிட்டார். ப்ராஜெக்ட் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, "ஏனுங்க, உங்க சட்டையெல்லாம் வெட்டிட்டேன்" என்றேன்.

"எந்தச் சட்டை?"

பதினொன்றையும் நிறம் சொல்லி விவரித்தேன். ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை. "நீங்க அங்க யாரோட கோயிலுக்குப் போறீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. இனி ஞாயித்துக்கிழமை கூப்பிட வேண்டாம். சொல்ல வேண்டியத வக்கீல் மூலமாச் சொல்லுங்க." அழைப்பை நான்தான் முடித்தேன். அதன்பிறகு போட்ட தையல் கோணல். பிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

கண்காட்சி. என் போர்வைக்கு வாசல் சுவர் கிடைக்கவில்லை. குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று, தண்ணீர் குடிக்க வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள்.

டெனிஸ் மதிய உணவு இடைவேளையில் வந்தாள். தன் பெயரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "நெசமாவே செத்துட்ட மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். செண்பகவல்லி அக்காவும் ஜெயராணியும் வந்தார்கள். அக்கா போர்வையின் மூலையைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். கண்காட்சிகளில் தொடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "பின்னாடியும் சுத்தமாத்தான் இருக்குட்டி. இங்க மட்டும் ஏன் கோணலாப் போயிருக்கு?"

"அன்னைக்கு ஃபோன்ல பேசிட்டு இருந்தேனுங்கக்கா."

"யார்கிட்டன்னு கேக்க மாட்டேன்" என்றார். ஜெயராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு, தண்ணீர் பாட்டிலோடு வந்த ஒரு முதியவர் விரலால் எண்ணினார். "ஏழு காலியா இருக்கே. இது யாரு?"

"நான் இன்னும் கேட்காதவங்க" என்றேன். அது முழு உண்மை இல்லை. கேட்டு மறுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் சொன்ன பிறகு, நான் கேட்ட விதமே கேட்காததுபோலத்தான் இருந்தது என்று தோன்றியது.

ஏப்ரல் 14, திங்கள்

வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். துணியும் பேனாவும் கொண்டுபோகவில்லை. அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. சங்கிலியை எடுக்காமலே எலினார் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"இப்ப என்ன?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்க வந்தேன்."

என் கைகளைப் பார்த்தார், எதையாவது மறைத்து வைத்திருக்கிறேனா என்று. பிறகு, "முட்டி வலி" என்றார்.

எந்த முட்டி என்று கேட்டேன். இடது முட்டி. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைப் பற்றிச் சொன்னார், அவன் ஒரு முட்டாளாம். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம். மாடிப்படி ஏறுவதைப் போன ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டாராம், படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிட்டாராம். சொல்லிக்கொண்டே போனார். சங்கிலியை எடுக்கவில்லை. உள்ளே வா என்று கூப்பிடவில்லை. இருபது நிமிடம் வாசற்படியில் நின்றே கேட்டேன். கால் கடுத்தது. கடைசியில், சூப் ஆறுகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.